குருவிக்கரடு ஏறிய காலை

பாவாயி சிரிக்கிறாள். எதற்கென்று தெரியவில்லை. காலை ஏழு மணி வெயிலில், சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அறுபத்து நாலு வயசில், என் பெண்டாட்டி இந்த மொட்டைப் பாறைக் கரட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏறுகிறாள். நாற்பத்திரண்டு வருசம் அவளோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், இந்தச் சிரிப்பை எங்கே வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால் பேத்தி மிதுனா, ஆறு வயசு, ரோஸ் கலர் ஷூ, கல்லுக்குக் கல் தாவல். நடுவில் பேரன் அகிலன், பதினொன்று முடியப்போகிறது, தோளில் தண்ணீர்ப் பை. கடைசியில் நான். வலது முட்டியைக் கையால் அழுத்தி, ஒரு எட்டு, ஒரு மூச்சு, ஒரு எட்டு. குருவிக்கரட்டுக்குப் போலாமா என்று நேற்று நான்தான் கேட்டேன். பாவாயி நம்பவே இல்லை. ஏனுங்க, உங்க முட்டி என்னாகும் என்றாள். ஒன்றும் ஆகாது, குழந்தைகள் பெங்களூரில் லிஃப்டில் ஏறித்தான் பழக்கம், ஒரு நாள் பாறையில் ஏறட்டும் என்றேன். நல்ல பேச்சு. கேட்கிறவர்களுக்கு நல்ல தாத்தா. ஆனால் எனக்குள்ளே இருந்தது வேறு. மேலே போனதும் மிதுனாவை உட்கார வைத்து அவள் அப்பன் யாரென்று சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு யமுனா காரோடு வந்துவிடுவாள், என் மருமகள், மருமகளாக இருந்தவள். அதற்குள் சொல்லிவிட வேண்டும். வீட்டில் சொன்னால் பாவாயி என் வாயைப் பொத்துவாள். மேலே சுனைப் பக்கத்தில் யார் வாயை யார் பொத்த முடியும்.

மெதுவாப் போ கண்ணு என்று கத்துகிறேன். காதில் விழுந்த மாதிரி இல்லை. எனக்கே என் குரல் பாதிதான் கேட்கிறது. வலது காது போய் இருபது வருசம் ஆகிறது. ரிக் வண்டியில் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று நின்று போனது. ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், எங்கெல்லாம் தண்ணீர் இல்லையோ அங்கெல்லாம் போர் போட்டேன். பத்து மாசம் வெளியே, மழைக்காலத்தில் இரண்டு மாசம் வீட்டில். வீட்டில் இருந்த அந்த இரண்டு மாசமும் தூங்கினேன். கதிரு என் தலைமாட்டில் வந்து நிற்பான், எழுப்ப மாட்டான். கண்ணைத் திறந்தால் நிற்பான். என்றா வேணும் என்றால் ஒன்னுமில்லீங்கப்பா என்று போய்விடுவான். கதிர்செல்வன். என் ஒரே பையன். பெயரை மனசுக்குள் சொல்லும்போதுகூட இப்போதெல்லாம் அக்கம் பக்கம் பார்க்க வேண்டியிருக்கிறது, யாராவது கேட்டுவிடுவார்களோ என்று. ஐந்தரை வருசத்துக்கு முன்னால், முப்பத்தைந்து வயசில், ஆபீஸ் முடிந்து பாட்மிண்டன் விளையாடிக்கொண்டிருந்தவன் உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. அப்போது மிதுனாவுக்கு எட்டு மாசம். எட்டு மாசத்துக் குழந்தைக்கு என்ன தெரியும். இடுகாட்டுக்குக் கொண்டுபோகும்போது யாருடைய இடுப்பிலோ இருந்துகொண்டு மாலையிலிருந்து ஒரு பூவைப் பிய்த்து வாயில் போட்டது. நான் பார்த்தேன். விரலை விட்டு எடுத்தேன். அந்த எச்சில் என் விரலில் காயும் வரைக்கும் துடைக்காமல் வைத்திருந்தேன்.

இப்போது அவளுக்கு அப்பா ஸ்ரீகாந்த். யமுனா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவன். ஓசூர்க்காரன், நல்ல வேலை, நல்ல குணம், எல்லாரும் சொல்கிறார்கள் நல்ல குணம் என்று, குடிக்க மாட்டான், சத்தமாகப் பேச மாட்டான், குழந்தைகளுக்குத் தலை சீவி விடுவான். நல்ல குணமாக இல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். யமுனாவின் அப்பாவும் அம்மாவும் இந்தக் கல்யாணத்தைச் சொல்ல வந்த அன்றைக்கு அவர்களுக்கு நான் தண்ணீர்கூடக் கொடுக்கச் சொல்லவில்லை. ரெண்டு வருசம் பொறுக்க முடியலையா உங்க புள்ளைக்கு என்று கேட்டேன். யமுனா வெளியே காரில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்று எல்லாரிடமும் சொன்னேன். தெரியும். கார் கண்ணாடி இறங்கியிருந்தது, அவள் வளையல் போட்ட கை கதவு மேல் இருந்தது, நான் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். கல்யாணத்துக்கு நான் போகவில்லை. பாவாயி போனாள், தனியாக, பஸ்ஸில், மடியில் ஒரு பட்டுச் சேலையை வைத்துக்கொண்டு. திரும்பி வந்தவளிடம் மூன்று மாசம் பேசவில்லை. அப்புறம் இரண்டு வருசம் குழந்தைகளை அனுப்பவில்லை. யார் அனுப்புவார்கள். பாவாயிதான் எனக்குத் தெரியாமல் மாட்டுக் கொட்டகைக்குப் போய்ப் போனில் பேசிப் பேசி, அழுது, எப்படியோ சரிக்கட்டினாள். முதலில் யமுனாவோடு அரை நாள். அப்புறம் ஒரு நாள். இப்போதுதான் முதல் தடவையாகக் குழந்தைகள் மட்டும், இரண்டு ராத்திரி. முந்தாநாள் ராத்திரி கொண்டுவந்து விட்டுவிட்டுக் கிளம்பும்போது யமுனா காரோரம் நின்று சொன்னாள். மாமா, மிதுவுக்கு இன்னும் சொல்லல. எட்டு வயசு ஆகட்டும், நாங்களே உட்கார வெச்சுச் சொல்றோம். நாங்களே என்றால் அவளும் அவனும். என் பையன் செத்த கதையை அவன் உட்கார வைத்துச் சொல்வான். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே வந்து பார்த்தால் சுவரில் கதிர் போட்டோ இல்லை. பாவாயி கழற்றிப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். இருந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் வெள்ளையாக, சதுரமாக. அதன் மேல் ரைஸ் மில் காலண்டரை மாட்டியிருந்தாள். நான் கத்தினேன். பெத்தவளா நீ என்று கேட்டேன். அவள் ஒரு வார்த்தைதான் சொன்னாள். எனக்கு உசுரோட இருக்கிறதுங்க வேணுமுங்க.

பாறை வழுக்கல் இல்லை, நல்ல சொரசொரப்பு, கருங்கல், ஷூ பிடிக்கும். ஆனாலும் அந்தப் பக்கம் சரிவு. இருநூறு அடி இருக்கும். இங்கேதான் மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு ஆடு உருண்டது. மிதுனா உருண்டால். நினைக்கக் கூடாது. ரோஸ் ஷூ ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும். நினைக்கக் கூடாது என்றால் அதுதான் வருகிறது. மிதுனா உருண்டால் யமுனாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்பது முதலில் வருகிறது, குழந்தை அதற்கப்புறம்தான் வருகிறாள், அதைப் பார்க்கும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. பாவாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்து நகர்ந்துக்கிட்டு வா சாமி என்று சொல்லிக்கொடுக்கிறாள். தானும் உட்கார்ந்து நகர்கிறாள். சேலை கிழியும். கிழியட்டும் என்ற மாதிரி சிரிப்பு. இவள் இப்படியெல்லாம் ஏறுவாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை. கல்யாணமான புதுசில் ஒருநாள், கரட்டு மேலே சுனை இருக்குதாமே, போய்ப் பார்க்கலாமுங்களா என்று கேட்டாள். பொம்பளைக்கு அங்கென்ன வேலை என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வருசமாக ஜன்னல் வழியே இந்தக் கரட்டைப் பார்த்துக்கொண்டே அரிசி களைந்திருக்கிறாள்.

கதிரைக் கூட்டி வந்ததும் ஒரே தடவைதான். ஒன்பது வயசு. அன்றைக்கும் நான் முன்னால் விறுவிறுவென்று ஏறினேன், அவன் பின்னால் அப்பா அப்பா என்று வந்தான். திரும்பிப் பார்த்தேனா. பார்த்திருக்க வேண்டும். பார்த்த மாதிரி ஞாபகம் இல்லை. மேலே போனதும் சுனைத் தண்ணீரைக் காட்டி, இது மழைத் தண்ணி, ஊத்து இல்லை, பாறைக்கடியில ஈரமே கிடையாது என்று போர்க்காரன் புத்தியைச் சொன்னேன். அவன் ஊற்று என்று நம்பிக்கொண்டிருந்தான். முகம் சுருங்கியது. பத்து நிமிசத்தில் இறக்கிக் கூட்டி வந்துவிட்டேன். அடுத்த நாள் வண்டி கிளம்ப வேண்டும். அவ்வளவுதான். அப்பனும் மகனுமாகச் சேர்ந்து ஊர் சுற்றியது என்று யாராவது கேட்டால் அந்த ஒரு மணி நேரம்தான் என் கையில் இருக்கிறது. அதில் பத்து நிமிசம் அவன் நம்பியதைப் பொய்யாக்கினேன். இப்போது அதே இடத்துக்கு அவன் மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், அவள் நம்புவதைப் பொய்யாக்க.

அகிலன் நின்றுவிட்டான். எனக்காகத்தான் நிற்கிறான். நான் பக்கத்தில் வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டுகிறான், அப்புறம் சுற்றிக்கொண்டு என் இடது பக்கம் வந்து நிற்கிறான். எந்தக் காது கேட்கும் என்று இவனுக்கு யார் சொன்னது. அவன் ஞாபகம் வைத்திருக்கிறான். சின்ன வயசில் என்னை அப்பாரு என்றுதான் கூப்பிடுவான், எங்கள் பக்கம் அப்பனுடைய அப்பனை அப்படித்தான் கூப்பிடுவது, கதிர் சொல்லிக்கொடுத்தது. இப்போது தாத்தா. மிதுனாவுக்கு நான் நாமக்கல் தாத்தா, ஓசூர்த் தாத்தா ஒருத்தர், சேலம் தாத்தா ஒருத்தர், மூன்று தாத்தா எப்படி என்று கேட்கிற வயசு அவளுக்கு வரவில்லை. நேற்று சாப்பிடும்போது நீங்க அம்மாவுக்கு மாமாவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் இல்லை அது.

அகிலன் கீழே பார்த்துக்கொண்டே சொல்கிறான், சத்தம் குறைத்து, ஆனால் என் காதுக்கு எட்டுகிற அளவுக்கு.

"தாத்தா, மிதுகிட்ட ஏதாவது சொல்லப் போறீங்களா?"

நான் தண்ணீரை விழுங்குகிறேன். என்னத்தைச் சொல்லப் போறேன் என்கிறேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தாநாள் நான் போட்டோவுக்காகக் கத்தியது அவனுக்குக் கேட்டதாம். மிதுனா தூங்கிவிட்டாளாம், அவன் தூங்கவில்லையாம். பீரோவைத் திறந்து பார்த்தானாம்.

"சொல்லாதீங்க தாத்தா. சொன்னா அம்மா இனிமே எங்களை அனுப்ப மாட்டாங்க. அப்பத்தா அழும்."

அப்பத்தா என்கிறான் இன்னும், பாவாயியை. அந்த ஒரு வார்த்தையை யாரும் பிடுங்கவில்லை. உனக்கு உங்கப்பன் ஞாபகம் இருக்குதாடா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பதினொரு வயசுப் பையனிடம், ஒரு பாறைச் சரிவில் வைத்து. அவன் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருக்கிறான், மூடிய பிறகும் திருகுகிறான்.

"அவரு தலை துவட்டிவிடும்போது காதை ரொம்ப அழுத்துவாரு. வலிக்கும். வேற ஞாபகமெல்லாம் போட்டோவுல பார்த்ததா, நெஜமா பார்த்ததான்னு தெரியல. இது மட்டும் நெஜம்." மூடியிலிருந்து கையை எடுக்கிறான். "நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. அப்பா நல்லவர் தாத்தா."

அவரு. அப்பா. இரண்டு வார்த்தையை எவ்வளவு சுத்தமாகப் பிரித்து வைத்திருக்கிறான், கோதுமையும் அரிசியும் மாதிரி, ஒன்றோடொன்று கலக்காமல். அந்தப் பிரிவினையை இவனுக்கு யார் செய்துகொடுத்தது. யாரும் இல்லை. தானே உட்கார்ந்து பொறுக்கியிருப்பான். எனக்குக் கோபம் வருகிறது, யார்மேல் என்று தேடுகிறேன், யமுனாமேல் போய் நிற்கிறது, நிற்க மாட்டாமல் வழுக்கி ஸ்ரீகாந்த்மேல், அங்கேயும் பிடிப்பில்லை, தலை சீவி விடுகிறவன்மேல் எப்படிக் கோபப்படுவது, திரும்பத் திரும்ப வந்து காதை அழுத்தித் துவட்டிய அந்தக் கைமேல் நிற்கிறது. ஏன்டா போனாய். நான் எழுபதைத் தொடப்போகிறேன், காது போய், முட்டி போய், உனக்குப் பதிலாக இந்தப் பாறையில் ஏறிக்கொண்டிருக்கிறேன். அகிலன் போய்விட்டான், முன்னால். அவன் நடையில் கதிர் இல்லை. எல்லாரும் இருக்கிறது என்கிறார்கள். நான் பார்த்துவிட்டேன், இல்லை. யமுனாவின் நடை அது.

சொல்ல மாட்டேன் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அதைக் கவனித்திருப்பான். சொல்லத்தான் போகிறேன். ஏன் சொல்லக் கூடாது. என் ரத்தம், என் பேத்தி. எட்டு வயசில் அவர்கள் சொன்னால் அது செய்தி. நான் சொன்னால்தான் அது கதிர். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நாளாக மனப்பாடம் செய்கிறேன். கண்ணு, உனக்கு ஒரு அப்பா இருந்தார். இருந்தார் என்றால் இப்போது இருக்கிறவர் யார் என்பாள். கண்ணு, என் பையன் ஒருத்தன் இருந்தான். உங்க பையனா, எங்க போனாங்க என்பாள். அங்கேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் சிக்குகிறது, போர்க் குழிக்குள் இறக்குகிற கேசிங் பைப் பாதியில் மாட்டிக்கொண்ட மாதிரி, மேலேயும் வராது கீழேயும் போகாது. முகம் எப்படி ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசையா. அப்படி ஒரு ஆசை இருக்கிறதோ. அவள் முகம் ஒரு நிமிசம் உடைந்து என்னைப் பார்க்க வேண்டும், என் பக்கம் சாய வேண்டும், அப்போது கதிர் திரும்பி வருவான் என்று ஏதோ ஒரு மூலையில் நம்புகிறேனோ. இல்லை, யமுனா சாயங்காலம் வந்து இறங்கும்போது அவள் முகத்தைத்தான் பார்க்க ஆசையோ. கார் கதவு மேல் இருந்த அந்தக் கையை இந்தத் தடவை நடுங்க வைக்க. என் முட்டி வலிக்கிறது. வலி நல்லது, வலி இருந்தால் மற்றது கொஞ்சம் தள்ளி நிற்கிறது.

மிதுனா எனக்காக இறங்கி வருகிறாள். தாத்தா ஸ்லோ என்கிறாள். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொள்கிறாள், முழுக் கையும் அவளுக்குப் பிடிபடாது. சூடான, பிசுபிசுப்பான கை. பேசிக்கொண்டே ஏறுகிறாள், மூச்சே வாங்குவதில்லை. அப்பா சைக்கிளைப் பிடிக்கிறேன் பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பிடிக்காமல் விட்டுவிட்டாராம், இவள் தானாக ஓட்டிவிட்டாளாம். அப்பாவுக்கு உயரம் என்றால் பயமாம், இந்த மலைக்கு வந்தால் அழுதுவிடுவாராம். சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். எங்கப்பா என்கிறாள். எங்கப்பாவுக்கு, எங்கப்பாதான், எங்கப்பாகிட்ட. ஒவ்வொன்றுக்கும் என் சுண்டுவிரலுக்கு ஒரு இழுப்பு. என்னால் ஆமாம் கண்ணு என்று சொல்ல முடிகிறது. எப்படிச் சொல்ல முடிகிறது. வாய் தனியாக ஒரு வேலையாள் மாதிரி அதன் வேலையைப் பார்க்கிறது.

மேலே வந்துவிட்டோம். காற்று. சுனை பாதி நிறைந்து பச்சையாக இருக்கிறது. பாவாயி ஓரத்தில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டுவிட்டாள், இவ்வளவு சில்லுனு இருக்குமா என்று தண்ணீரைப் பார்த்துக் கேட்கிறாள், என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. நாற்பத்திரண்டு வருசம் கழித்து வந்து சேர்ந்துவிட்டாள். மிதுனா ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை விட்டு, எடுத்து, விட்டு, எடுத்து. அகிலன் தள்ளி நின்று ஊரைப் பார்க்கிறான். நான் பாறையில் சரிந்து உட்காருகிறேன். மூச்சு அடங்கட்டும். அடங்கியதும் சொல்லிவிடுகிறேன். அடங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் அடங்கட்டும். தாத்தா இங்க வாங்க, இங்க என்னமோ எழுதியிருக்கு என்கிறாள். சுனைக்கு அந்தப் பக்கம், பாறை மடிப்பில், குத்துக்காலிட்டு விரலால் தடவிக்கொண்டிருக்கிறாள். பெங்களூர் ஸ்கூலில் கன்னடமும் இந்தியும், தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. எழுந்து போகிறேன். குனிகிறேன். ஆணியாலோ காம்பஸ் முனையாலோ ஆழமாகக் கீறியிருக்கிறது, கோட்டுக்குள் பாசி கறுத்திருக்கிறது. பொ. கதிர்செல்வன். அதன் கீழே 12-பி.

எனக்குத் தெரியாது. இவன் இங்கே மறுபடியும் வந்தது எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது நான் ராஜஸ்தானில் இருந்தேன், அந்த வருசம் மழைக்காலத்துக்குக்கூட வரவில்லை. கூட்டாளிகளோடு வந்திருப்பான். இல்லை தனியாகவே வந்தானோ. இந்த மடிப்பில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் கீறினான். கருங்கல்லில் இவ்வளவு ஆழம் வர ஒரு மத்தியானம் ஆகும். முதல் எழுத்து பொ. என் பெயரின் எழுத்து. ஊரில் இல்லாதவனுடைய எழுத்தை முன்னால் போட்டு, புள்ளி வைத்து, அந்தப் புள்ளியையும் குடைந்து குடைந்து ஆழமாக்கி.

"என்ன தாத்தா எழுதியிருக்கு?"

கதிர்செல்வன் என்கிறேன். வாய்விட்டு. ஐந்தரை வருசத்தில் இவள் காதில் விழுகிற மாதிரி நான் சொல்வது இதுதான் முதல் தடவை. கதிர்செல்வன் என்று அவளும் சொல்லிப் பார்க்கிறாள், கொஞ்சம் உளறி, மறுபடி சரியாக. பாவாயியின் கால் தண்ணீருக்குள் அசையாமல் நின்றுவிட்டது. அகிலன் திரும்பிவிட்டான்.

"யாரு அது?"

இந்த இடத்துக்குத்தான் வந்தேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டு, பொய்யாகச் சிரித்துக்கொண்டு. இதைவிட நல்ல இடம் வராது, அவனே எழுதி வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறான். அவள் முகத்தில் வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்க்கிறாள், பதிலுக்காக, ஒரு சின்னப் பதிலுக்காக.

"தெரியல கண்ணு. யாரோ ஸ்கூல் பையன்."

சொன்னது நான்தான். இடது காதில் தெளிவாக விழுந்தது. ஓ என்கிறாள், அவ்வளவுதான், அவளுக்கு அவ்வளவுதான். உடனே ஒரு கூரான கல்லைத் தேடி எடுத்து வந்து, நானும் எழுதணும் தாத்தா, என் பேரைத் தமிழ்ல எழுதிக் குடுங்க என்கிறாள். எழுதுகிறேன். மி, து, னா. கல் வழுக்குகிறது, பக்கத்தில் இருக்கிற அந்த எழுத்தைத் தொடாமல் எழுதுகிறேன். முடித்ததும், இனிஷியல் போடலையே, ஸ்கூல்ல போடுவாங்க, அப்பா பேரோட ஃபர்ஸ்ட் லெட்டர் என்கிறாள். முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. க என்று போடலாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவள் அறியாமல் அவள் பெயருக்கு முன்னால் அவள் அப்பன் உட்கார்ந்திருப்பான், வெயிலிலும் மழையிலும், நான் போன பிறகும். யாருக்கும் நட்டமில்லை. கல்லை வைத்து ஒரு நேர்கோடு இழுக்கிறேன். என் தோளுக்குப் பின்னால் நிழல் விழுகிறது. அகிலன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், கதிர் சொல்லிக்கொடுத்தது. அங்கேயே நிற்கிறான். அவன் மூச்சு கேட்கிறது. நான் அந்தக் கோட்டைத் தேய்த்து அழிக்கிறேன். ஸ்ரீ என்று எழுதுகிறேன். எத்தனை வளைவு அந்த ஒரு எழுத்துக்கு, பாறையில் அது வளைய மாட்டேன் என்கிறது, மேலே ஒரு சுழி, கீழே ஒரு இழுப்பு, திரும்பத் திரும்பக் கீறுகிறேன், விரல் நுனி தோல் உரிந்து எரிகிறது, பாதியில் விடக் கூடாது, விட்டால் அது எழுத்தாகவே இருக்காது. புள்ளி வைக்கிறேன். பாவாயி எழுந்து வந்து கை நிறையச் சுனைத் தண்ணீரை ஊற்றுகிறாள். எழுத்து வெள்ளையாகத் தெரிகிறது. அவள் என்னைப் பார்க்கிறாள், வெகு நேரம், கண் கலங்கி.

கரெக்டா இருக்கா என்று மிதுனா அகிலனைக் கேட்கிறாள். கரெக்ட் என்கிறான். அப்பாவுக்கு போட்டோ அனுப்பணும் என்று அவள் குதிக்கிறாள். என் போனை வாங்கிக்கொண்டு அகிலன் குனிகிறான், ஒரு பக்கம் சாய்கிறான், இன்னும் சாய்கிறான், பக்கத்துப் பெயர் படத்தில் விழாதபடி மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பிடிக்கிறான்.

"தாத்தா, உங்க நிழல் விழுது. கொஞ்சம் தள்ளிக்கங்க."

தள்ளி நிற்கிறேன்.